நீரின் வாய்பாடு உறுதியான வரலாறு

வேதிச்சமன்பாட்டைச் சமன்செய்யக் கற்கும் மாணவர் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் நீர் உருவாகும் வினையே ஆகும். ஹைட்ரஜனின் குறியீடு எச். ஆக்சிஜனின் குறியீடு ஓ. இவற்றைக் கொண்டு அவ்வினையைப் பின்வருமாறு எழுதுகிறோம்.

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

இடப்பக்கம் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. வலப்பக்கமும் அவ்வாறே. எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் இந்த ஒரு வரியில் வேதியியலாளர்கள் ஒருமனப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1808 முதல் 1860 வரை ஐரோப்பாவின் தேர்ந்த வேதியியலாளர்கள் பலர் நீரை எச்ஓ என்றே எழுதினர். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். அவர்கள் தடுமாறிய இடம் எது, அத்தடுமாற்றம் எவ்வாறு நீங்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறைக்கணக்கு

வேதிவினையை இருபக்கக் கணக்காகப் பார்க்கும் முறைக்கு வலுவான அடித்தளம் இட்டவர் பிரான்சு நாட்டின் அந்துவான் லவாய்சியர் (1743–1794) ஆவார். 1789-இல் வெளியான தமது வேதியியல் பாடநூலில், வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம் என்பதை அவர் அடிப்படையாகக் கொண்டார். பழச்சாறு புளித்து மதுவாகும் நிகழ்வை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் சாராயமும் கரியமில வாயுவும் என இயற்கணிதச் சமன்பாடு போலவே அமைத்துக் காட்டினார்.

எனினும் லவாய்சியரின் கணக்கு தராசின் கணக்கு. அதில் அணுக்களின் எண்ணிக்கை இல்லை.

டால்டனின் எளிமை விதி

அணுவைக் கணக்கிற்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜான் டால்டன் (1766–1844). 1808-இல் அவருடைய நூலின் முதற்பகுதி வெளிவந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்த எடை உண்டு என்றும், அணுக்கள் சிறு முழு எண்களின் விகிதத்தில் சேர்கின்றன என்றும் அவர் கூறினார். ஒவ்வொரு அணுவையும் குறிக்க ஒரு சிறு வட்டம் வரைந்தார்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. நீரில் 1 பங்கு எடை ஹைட்ரஜனுக்கு 8 பங்கு எடை ஆக்சிஜன் உள்ளது. நீரில் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜனின் அணு எடை 8. இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றால் அணு எடை 16. அணு எடை தெரிந்தால் எண்ணிக்கையைச் சொல்லலாம். எண்ணிக்கை தெரிந்தால் அணு எடையைச் சொல்லலாம். இரண்டுமே தெரியாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

டால்டன் இதனை ஓர் அனுமானத்தால் கடந்தார். இரு தனிமங்களுக்கிடையே ஒரே ஒரு சேர்மம் மட்டும் தெரிந்திருந்தால், அதில் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று என்று கொள்க என்றார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மங்களில் அன்று அறியப்பட்டது நீர் ஒன்றே. எனவே நீர் எச்ஓ ஆயிற்று.

சரியாகச் சமன்பட்ட தவறு

எச் + ஓ → எச்ஓ என்று எழுதினாலும் சமன்பாடு சமன்படுகிறது. இரு பக்கமும் ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எடையும் பொருந்துகிறது: 1 + 8 = 9. அணுக்களை எண்ணினாலும் தராசில் நிறுத்தாலும் பிழை வெளிப்படாது. ஒரு சமன்பாடு சமன்பட்டிருப்பதாலேயே அதிலுள்ள வாய்பாடுகள் உண்மை ஆகிவிடா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வாய்பாட்டை உறுதிசெய்ய வேறு வகையான அளவை தேவைப்பட்டது.

பருமன் காட்டிய வழி

அந்த அளவை வாயுக்களின் பருமன் ஆகும். டால்டனின் நூல் வெளிவந்த அதே 1808-இன் இறுதியில், பிரான்சின் கே-லூசாக் தமது பருமன் இணைப்பு விதியை அறிவித்தார். வாயுக்கள் எளிய முழு எண் விகிதங்களில் சேர்கின்றன என்பது அதன் சாரம்.

2 பருமன் ஹைட்ரஜன் + 1 பருமன் ஆக்சிஜன் → 2 பருமன் நீராவி
1 பருமன் நைட்ரஜன் + 3 பருமன் ஹைட்ரஜன் → 2 பருமன் அம்மோனியா

சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள்கள் இருந்தால், முதல் வரிக்கு ஒரு கடுமையான விளைவு உண்டு. ஒரு பருமன் ஆக்சிஜன் இரண்டு பருமன் நீராவியில் பரவியிருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நீர்த் துகளுக்கும் பாதி ஆக்சிஜன் துகள்தான் கிடைக்கும். அணுவைப் பிளக்க முடியாது என்ற டால்டன் இதனை ஏற்கவில்லை. கே-லூசாக்கின் அளவீடுகளையே அவர் ஐயுற்றார்.

அவகாட்ரோவின் விடை

1811-இல் இத்தாலியின் அமேதியோ அவகாட்ரோ (1776–1856) முடிச்சை அவிழ்த்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்கள் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்றார். இரண்டாகப் பிரிவது அணு அன்று, மூலக்கூறு. ஆக்சிஜன் வாயுவின் ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருந்தால் ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் ஒரு முழு அணு கிடைக்கும்.

விடை சரியானது, ஆனால் கேட்பார் இல்லை. சுவீடனின் பெர்சீலியஸ் (1779–1848) அக்காலத்தில் பெரும் செல்வாக்குடையவர். எதிரெதிர் மின்தன்மையுள்ள அணுக்களே ஒன்றையொன்று ஈர்த்துச் சேரும் என்பது அவர் கொள்கை. அதன்படி ஆக்சிஜன் அணு இன்னோர் ஆக்சிஜன் அணுவோடு சேர இடமில்லை. இதற்கிடையே பிரான்சின் துமா சில தனிமங்களின் ஆவி அடர்த்தியை அளந்தார். பாதரசம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றின் எண்கள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. எல்லாத் தனிம மூலக்கூறுகளிலும் இரண்டே அணுக்கள் இருக்கத் தேவையில்லை என்பது அப்போது தெளிவாகவில்லை.

குறியீடு ஒன்று, பொருள் பல

இன்று நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகளை வகுத்தவர் அதே பெர்சீலியஸ்தான். 1813–1814 ஆண்டுகளில் தனிமங்களின் லத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் குறியீடுகளாக்கினார். அணு எண்ணிக்கையை அவர் எழுத்தின் மேற்புறம் எழுதினார். பின்னர் அது கீழ்ப்புறத்திற்கு வந்தது.

எழுதும் முறை எளிதாயிற்று. ஆனால் எழுதியதன் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பெர்சீலியஸ் பருமன் விகிதத்தைப் பின்பற்றி நீருக்கு இரண்டு ஹைட்ரஜன் என்றார். ஜெர்மனியின் குமெலின் முதலியோர் ஆக்சிஜனை 8 எனவும் கார்பனை 6 எனவும் கொண்டு நீரை எச்ஓ என்றனர். காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்திற்கு மட்டும் வழக்கிலிருந்த 19 வாய்பாடுகளைக் கெகுலே 1861-இல் தமது பாடநூலில் பட்டியலிட்டார். ஓர் ஆசிரியர் கற்பித்த வாய்பாடு அடுத்த ஊரில் தவறாகக் கருதப்படும் நிலை.

கார்ல்ஸ்ரூ மாநாடு

இக்குழப்பத்தைத் தீர்க்க 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு பன்னாட்டு மாநாடு கூடியது. ஏறத்தாழ 140 வேதியியலாளர்கள் வந்தனர். அவகாட்ரோ இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்காகப் பேசியவர் மற்றோர் இத்தாலியர், ஸ்டானிஸ்லாவோ கனிசாரோ (1826–1910). மாநாடு அறிவியல் கருத்தை வாக்கெடுப்பால் முடிவுசெய்யவில்லை. ஆனால் கலைந்து செல்லும்போது, கனிசாரோ 1858-இல் வெளியிட்ட சிறு நூலின் படிகள் வழங்கப்பட்டன. லோதர் மேயர் அதனைப் படித்துத் தெளிவு பெற்றார். மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர் மெண்டலீவ், புதிய அணு எடைகளைக் கொண்டு 1869-இல் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார்.

கனிசாரோவின் கணக்கு

அவருடைய முறை பள்ளி மாணவரும் செய்து பார்க்கக்கூடியது. ஹைட்ரஜன் மூலக்கூறின் எடையை 2 எனக் கொள்க. ஆவி அடர்த்தியிலிருந்து மற்ற மூலக்கூறுகளின் எடையைக் காண்க. பிறகு ஒவ்வொன்றிலும் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு எனப் பார்க்க. இன்றைய முழு எண்களில் அது பின்வருமாறு அமையும்.

நீராவி: மூலக்கூறு எடை 18, அதில் ஆக்சிஜன் 16
கார்பன் மோனாக்சைடு: 28, ஆக்சிஜன் 16
கார்பன் டைஆக்சைடு: 44, ஆக்சிஜன் 32
சல்ஃபர் டைஆக்சைடு: 64, ஆக்சிஜன் 32
ஆக்சிஜன் வாயு: 32, ஆக்சிஜன் 32

ஆக்சிஜனின் பங்கு 16-க்குக் குறையவில்லை. எப்போதும் 16-இன் மடங்காகவே வருகிறது. எனவே 16-ஐ ஆக்சிஜனின் அணு எடையாகக் கொள்ளலாம். இவ்வாறே ஹைட்ரஜனுக்கு, ஹைட்ரஜன் குளோரைடில் காணப்படும் 1 மிகச் சிறிய பங்கு ஆகும். நீரில் 18-இலிருந்து 16 போக மீதி 2, அதாவது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஆகவே நீர் எச்₂ஓ. இங்கே எளிமை பற்றிய அனுமானம் எதுவும் இல்லை. அளவீடே எண்ணிக்கையைத் தந்தது.

மாணவர் கவனத்திற்கு

சமன்செய்யும்போது மாணவர் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எச்₂ + ஓ₂ → எச்₂ஓ என்று எழுதியதும் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது. உடனே கீழே ஒரு 2 சேர்த்து எச்₂ஓ₂ என்று முடித்துவிடுவர். கணக்கு சரியாகும், பொருள் மாறிவிடும். எச்₂ஓ₂ என்பது 1818-இல் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. அது நீர் அன்று.

வாய்பாட்டின் கீழே உள்ள எண் இயற்கையை அளந்து பெற்றது; அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. முன்னே உள்ள எண்ணை மட்டுமே நாம் மாற்றலாம். 2எச்₂ஓ என்னும்போது முன்னுள்ள 2 மூலக்கூறு முழுவதையும் பெருக்கி, 4 ஹைட்ரஜன் அணுக்களையும் 2 ஆக்சிஜன் அணுக்களையும் தருகிறது.

அவ்வாறு சமன்செய்த பின் முன்னுள்ள எண்களைப் பாருங்கள்: 2, 1, 2. அம்மோனியாவுக்கு என்₂ + 3எச்₂ → 2என்எச்₃. இங்கு எண்கள் 1, 3, 2. டால்டன் நம்ப மறுத்த கே-லூசாக்கின் பருமன் விகிதங்கள் இவையே.