திருப்பூர் சாயத்தண்ணீரும் ஒரு வடிகட்டியின் கதையும்

வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "உங்க வீட்டுல போர் தண்ணியா, ஆத்துத் தண்ணியா?" என்பதுதான். ஆற்றுத் தண்ணீர் என்றால் ஒரு மாடல், உப்புத் தண்ணீர் என்றால் வேறு மாடல். விலைப் பேச்சு அதற்கப்புறம்தான். இந்தச் சாதாரணக் கேள்விக்குத் திருப்பூர் சாயத்தொழில் தன் கழிவுத் தண்ணீர் விஷயத்தில் நேரான பதில் சொல்லக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை.

கதை வெள்ளை பனியனில் தொடங்குகிறது. உள்நாட்டுக்கு மட்டும் பனியன் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் திருப்பூருக்குச் சலவை இருந்தால் போதும், சாயம் அதிகம் தேவைப்படவில்லை. 1970-களின் கடைசியில் ஏற்றுமதி ஆர்டர் வரத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரன் கலர் கலராகக் கேட்டான். 1981-ல் 68 ஆக இருந்த சாய, சலவைப்பட்டறைகள் 1997-ல் 866 ஆகிவிட்டன. பதினாறு வருடத்தில் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! ஊரே இதைப் பெருமையாகப் பேசியது, பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் இத்தனை பட்டறைகளின் தண்ணீரும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு. அது வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல்.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி தேவைப்படுகிறது, பயப்பட வேண்டாம். பருத்தித் துணிக்கு இன்று போடப்படும் சாயங்களில் முக்கியமானது ரியாக்டிவ் சாயம். 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் போகாது என்பதுதான் இதன் பெருமை. ஆனால் தண்ணீரில் போட்டால் பருத்தி இழைக்கும் எதிர் மின்னூட்டம், சாயத்துக்கும் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் உப்பு. அடர் நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 60, 80 கிராம் வரை உப்பு கொட்ட வேண்டியிருக்கும். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய வின்ச் மிஷினில் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்பதால் ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட உப்பு போகும். தரகர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். துணியில் உப்பு தங்காது, போட்டது மொத்தமும் சாக்கடைக்கு வரும்.

ஆற்றில் மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது சிவப்பும் நீலமும்தான். உப்புக்கு நிறமில்லை.

1990-களில் கோர்ட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நெருக்கியபோது பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையம் கட்டின. 278 பட்டறைகள் சேர்ந்து 8 பொது நிலையங்கள் அமைத்தன. 424 பட்டறைகள் தனித்தனியாகக் கட்டிக்கொண்டன. எதுவும் கட்டாத 164 பட்டறைகள் மூடப்பட்டன. கட்டிய நிலையங்களில் என்ன நடந்தது? சாயத்தண்ணீரில் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டார்கள். சாயம் திரண்டு சேறாக அடியில் தங்கியது. மேலே தெளிந்த தண்ணீரை மணல் ஃபில்டரிலும் கரி ஃபில்டரிலும் விட்டார்கள். வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. ஃபோட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடலாம், அவ்வளவு தெளிவு.

ஆனால் உப்பு போனபடியே போய்க்கொண்டிருந்தது. கரைந்த உப்பை மணலும் பிடிக்காது, கரியும் பிடிக்காது. போதாததற்குச் சுண்ணாம்பும் அன்னபேதியும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டின. தமிழ்நாட்டில் ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாயப்பட்டறைக் கழிவில் 5000, 6000 என்று சாதாரணமாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த பள்ளிக்கூடப் பாடம்தான் இது. தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கில்லை. உப்பைப் பிடிக்கும் ஃபில்டர் என்ன விலை என்று தெரிந்ததால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை என்று சொன்னால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டது ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடையில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த அணை. சில வருடங்களில் அது திருப்பூரின் சாயத்தொட்டி ஆகிவிட்டது. அணை கட்டித் தாருங்கள் என்று கேட்கும் விவசாயிகளைப் பார்த்திருப்போம். இங்கே "அணையில் தண்ணீர் தேக்காதே" என்று விவசாயிகள் போராடினார்கள். சுற்றியுள்ள கிணறுகளில் உப்பேறியது, தென்னை காய்ந்தது. நஷ்டத்தை மதிப்பிட அமைத்த ஆணையம் 28,596 விவசாயிகளுக்கு மொத்தம் சுமார் 24.79 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. ஒரு கிணறு வெட்டக் காணாது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம். 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்ற வார்த்தை திருப்பூர் டீக்கடைவரை வந்தது அப்போதுதான். சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் அதே பதில், கூடவே மூன்று மாத அவகாசம்.

வேறு வழியில்லாமல் உள்ளே வந்தது ஆர்.ஓ. எனும் எதிர்ச் சவ்வூடு பரவல். இதன் பிறப்பில் ஓர் இந்தியர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வைச் செய்தார்கள். எதில் செய்தார்கள் தெரியுமா? செல்லுலோஸ் அசிடேட்டில். செல்லுலோஸ் என்றால் வேறு ஒன்றுமில்லை, நம் பனியனின் பருத்தி எதனால் ஆனதோ அதே பொருள்தான்!

இன்றைய சவ்வு பாலிஅமைடு. காகிதச் சுருள்போல் சுற்றி, எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம் கொண்ட உருளையாக வரும். நீளமான குழாய்க்குள் ஐந்தாறு உருளைகளை வரிசையாகச் செருகி, பம்ப் வைத்து அழுத்தினால் தண்ணீர் சவ்வைத் தாண்டும், உப்பு தங்கும். சொல்லும்போது சுலபம். திருப்பூர்த் தண்ணீரில்தான் கஷ்டம். பாலிஅமைடுக்கு குளோரின் ஆகாது. சலவைப்பட்டறையிலிருந்து வருவதோ பிளீச்சிங் தண்ணீர். மீதி குளோரினைப் பைசல்பைட் போட்டுக் கொன்றபிறகே உள்ளே விட வேண்டும். ஒருநாள் மறந்தால் லட்சக்கணக்கில் போட்ட சவ்வு ஓட்டையாகிவிடும். மிச்சச் சாயம் முதல் உருளையில் படியும். சுண்ணாம்பு, சிலிக்கா வகையறா கடைசி உருளையில் படியும், ஏனென்றால் அங்கே போகும்போதுதான் தண்ணீர் மிகக் கெட்டியாக இருக்கும். அழுத்தம் ஏறி, வரும் தண்ணீர் குறைந்தால் கழுவ வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம், சாயப் படிவுக்குக் காரம். கழுவியும் வரும் தண்ணீரில் உப்பு ஏறுகிறது என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. நல்ல தண்ணீரில் ஐந்து வருடம் உழைக்கும் சவ்வு சாயக்கழிவில் அவ்வளவு நாள் தாங்குவது கடினம். அதனால் சவ்வுக்கு முன்னால் பாக்டீரியா வைத்துச் சாயத்தைத் தின்ன வைக்கும் தொட்டி, சாஃப்ட்னர் என்று ஒரு படையே நிற்கிறது. ஃபில்டரைக் காப்பாற்ற ஃபில்டர்.

ஆரம்பத்தில் மெஷின் வாங்கும் செலவைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அது ஒருமுறைச் செலவு, பேங்க் லோன் கிடைக்கும். சவ்வு மாற்றுவது, கரண்ட், கெமிக்கல் எல்லாம் மாதாமாதம் லாபத்திலிருந்து போகும் செலவு. வாங்குபவன் ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஒரு சென்ட் கூடத் தரமாட்டேன் என்கிறபோது நிலையத்தை முழுநேரம் ஓட்டாமல் விடும் ஆசை வரத்தான் செய்யும். ஆற்றில் நுரை நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது.

எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் கரண்ட் துண்டிக்கப்பட்டது. பின்னலாடை ஊரில் சாயம் போட ஆளில்லை. துணி லாரியில் வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போய் வந்தது. ஜாப் ஒர்க் கூலி ஏறியது, வேலை இழந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அந்தத் தொழிலாளிகள் யாரும் எந்தத் தீர்ப்பிலும் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை.

அருள்புரம் பொது நிலையத்தில் அதற்குப்பிறகு நடந்த சோதனைதான் திருப்புமுனை. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டைச் சாயத்துக்குப் போடுவது, ஆர்.ஓ. ஒதுக்கிய கெட்டி உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத்தொட்டிக்கே அனுப்புவது. தூக்கி எறிந்த தரகரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதுபோல! தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம், கொதிக்க வைக்க வேண்டிய அளவும் குறைவு. மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. படிப்படியாக 18 பொது நிலையங்கள் ஓடத் தொடங்கின.

எவ்வளவு செய்தாலும் கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அதை எவாபரேட்டரில் காய்ச்சுகிறார்கள், அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லரில் விறகு எரிய வேண்டும். காய்ச்சி முடித்தால் கலவை உப்பு கிடைக்கிறது. சாயத்துக்கும் ஆகாது, சமையலுக்கும் ஆகாது. மண்ணில் கொட்டினால் அடுத்த மழையில் கரைந்து மறுபடியும் நொய்யலுக்கே போகும். அதனால் அதை மூட்டை கட்டி, மழை படாமல் கூரைக்கடியில் அடுக்கி வைத்தார்கள். மூட்டைகள் சேர்ந்துகொண்டே போயின.