பஞ்சுச் சீமையில் ஒரு பள்ளிக்கூடம்

தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா? பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு. இரு கட்சிக்காரர்களும் முழங்கிக் கைதட்டல் வாங்கலாம். கடைசியில் நடுவர், "இரண்டும்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போகலாம். ஆனால் உலகத்தில் சில பேர் இந்தக் கேள்வியை மேடைப் பேச்சுக்கு விட்டுவிடாமல், தங்கள் வாழ்நாளையே செலவிட்டு விடை தேடியிருக்கிறார்கள்.

கானா நாட்டில் பிறந்த பிரெட் ஸ்வானிக்கர் என்ற தொழில் முனைவர் அவர்களில் ஒருவர். ஆப்பிரிக்காவுக்கு வேண்டியது அடுத்த தலைமுறைத் தலைவர்கள் என்று முடிவு கட்டி, நண்பர்களுடன் சேர்ந்து பொருள் திரட்டி, ஜோகன்னஸ்பர்க் நகரத்தையொட்டி 2008-ல் ஒரு பள்ளியைத் திறந்தார். ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே விடுதியில் இரண்டு வருஷம் தங்க வைத்துப் படிப்பிக்கிறார்கள். பிறகு எந்தத் தேசத்துக்கு மேற்படிப்புக்குப் போனாலும், திரும்பி வந்து ஆப்பிரிக்காவுக்கு உழைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் திருப்பூர் நினைவுதான் வந்தது. திருப்பூருக்கும் தலைவர்களுக்கும் என்ன சம்பந்தம், அங்கே பனியன் அல்லவா தைக்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொங்கு நாட்டுப் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கோயமுத்தூர்ச் சீமையின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் பலரைப் பணக்காரர்கள் ஆக்கியது. பருத்தி அரைக்கும் ஆலைகள் முதலில் வந்தன. பிறகு நூற்பு ஆலைகள் வந்தன. திருப்பூர் பருத்திச் சந்தைக்குப் பேர்போன ஊராயிற்று. 1920-களில் அங்கே பனியன் நெசவும் தலைகாட்டியது. அதே காலத்தில் கதர் இயக்கத்துக்கும் தமிழ்நாட்டில் திருப்பூரே தலைமை இடமாக விளங்கியது. ஒரே ஊரில் இயந்திரமும் ராட்டையும் எதிரும் புதிருமாக வீடு கட்டிக் குடியிருந்தன என்று சொல்லலாம்.

பஞ்சில் வந்த பணம் எங்கே போயிற்று? மாளிகைகளுக்கும் நகைகளுக்கும் போனது போக, ஒரு பகுதி பள்ளிக்கூடங்களுக்குப் போயிற்று. பீளமேடு பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வர். அவர்கள் குடும்பச் சொத்தை நாலாகப் பிரிக்காமல், தர்மத்தையும் ஐந்தாவது சகோதரனாகப் பாவித்து ஐந்தாகப் பிரித்தார்கள். அப்படி 1926-ல் பிறந்ததுதான் பி. எஸ். ஜி. அறநிலையம். இன்று அதன் கல்லூரிகளை நாடு முழுவதும் அறியும்.

இன்னொருவர் ஜி. டி. நாயுடு. இளம் வயதில் திருப்பூரில் பருத்தித் தொழில் நடத்தியவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர். 1945-ல் அவருடைய முயற்சியால் கோயமுத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று ஏற்பட்டது. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நாலு வருஷப் பாடத்தை இரண்டே வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்றார் நாயுடு. சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடு விலகிக் கொண்டார். கல்லூரியும் பிற்பாடு வேறிடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தைக் கோவைக்காரர்கள் இன்னும் "ஹோப் காலேஜ்" என்றுதான் சொல்கிறார்கள்.

பொறியாளரை இரண்டு வருஷத்தில் உருவாக்கலாமோ, நாலு வருஷம் ஆகுமோ, அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். மனிதனை உருவாக்க எத்தனை வருஷம் ஆகும் என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் வேறொருவர். அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்: திருப்பூர் தி. சு. அவினாசிலிங்கம்.

1903-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை சுப்பிரமணியம் செட்டியார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து வக்கீலானார். குடும்பச் சொத்து இருக்கிறது, வக்கீல் பட்டம் இருக்கிறது, செல்வாக்குள்ள உறவினர்கள் இருக்கிறார்கள். நாவலாசிரியன் ஒருவன் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால், அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம் வைத்தே ஆக வேண்டும். அவினாசிலிங்கமோ கல்யாணமே செய்து கொள்ளவில்லை. இரண்டு பேருடைய வாக்கு அவரைப் பிடித்துக் கொண்டிருந்தது. ஒருவர் காந்தி, இன்னொருவர் விவேகானந்தர். மனிதனை உருவாக்குவதே கல்வி என்ற விவேகானந்தரின் கருத்தைப் பிரசங்கத்தில் உபயோகித்தவர்கள் அநேகர். அதை நம்பிக் காரியத்தில் இறங்கியவர்கள் சிலரே.

1930-ல் கோயமுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் ஸ்ரீராமகிருஷ்ண வித்தியாலயம் ஆரம்பமாயிற்று. கட்டடம் இல்லை; மைதானம் இல்லை; மூலதனம் என்று சொல்லத்தக்க தொகையும் இல்லை. மாணவர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். ஆனால் அந்தச் சில பையன்களில் ஒருவன் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். எல்லோரும் ஒரே கூரையின் கீழ்த் தங்க வேண்டும். ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும்.

இன்று படிக்கும்போது இது ஒரு பிரமாதமா என்று தோன்றும். அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் பிரவேசித்தது 1939-ல். அதாவது இதற்கு ஒன்பது வருஷம் கழித்து. சாமி கும்பிடவே உள்ளே விடாத காலத்தில், "உங்கள் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிறேன், அனுப்புங்கள்" என்றால் எத்தனை தகப்பனார்கள் சம்மதித்திருப்பார்கள்? ஊரிலுள்ள பெரிய வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டு ஓர் அழகான பள்ளிக்கூடம் நடத்துவது அவருக்குச் சிரமமாக இருந்திராது. நன்கொடையும் வந்து குவிந்திருக்கும். அவர் சுலபமான வழியை விட்டார். யாரைப் பக்கத்தில் உட்கார வைக்க ஊர் மறுத்ததோ அவனை முதல் நாளே உள்ளே அழைத்துக் கொண்டார். அந்த ஒரு பையனை விட்டுவிட்டு ஆரம்பித்திருந்தால், பிறகு எத்தனை கட்டடம் கட்டியிருந்தாலும் அது இன்னொரு பள்ளிக்கூடமாகத்தான் இருந்திருக்கும்.

1934-ல் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாக வந்த காந்தியடிகள், மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வித்தியாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அங்கே பள்ளி வளர்ந்தது. பிள்ளைகள் படிப்போடு உடலுழைப்பையும் கற்றார்கள். தங்கும் இடத்தைத் தாங்களே பெருக்கினார்கள். தோட்ட வேலை செய்தார்கள். வீட்டில் வேலைக்காரனை ஏவிப் பழகிய பையன் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது அவனுக்குள் என்னவோ ஒன்று உடைகிறது. அது உடையாமல் தலைவன் ஆகிறவன், ஏவுகிறவனாகத்தான் ஆவான் என்று அந்த நாளைய காந்தியவாதிகள் நம்பினார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

இதற்கிடையில் பள்ளியை ஸ்தாபித்தவர் பலமுறை சிறைக்குப் போய் வந்தார். அது சுதந்திரப் போராட்டக் காலம் அல்லவா? மத்திய சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தார். 1946-ல் சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியானார்; 1949 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு வாடகை வீட்டில் சோதித்துப் பார்த்ததை ஒரு மாகாணம் முழுவதும் செய்து பார்க்கச் சந்தர்ப்பம் வந்தது.

அவர் மந்திரியாக இருந்தபோதுதான் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே போதனாமொழியாக வந்தது. பூகோளமும் ரசாயனமும் இங்கிலீஷில் சொன்னால்தான் புத்தியில் ஏறும் என்று சாதித்தவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். பாரதியாரின் படைப்புகளைச் சர்க்கார் பெற்றுப் பொதுவுடைமையாக்க 1949-ல் முடிவு செய்ததும் அவர் காலத்திலேதான். அவருடைய கணக்கில் எல்லாம் வரவு என்று சொல்லிவிட முடியாது. 1948-ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதும் அதே இலாகாதான். பெரியார் தலைமையில் பெரும் கிளர்ச்சி மூண்டது. தமிழைப் போதனாமொழியாக்கிய மந்திரியே தமிழுக்கு விரோதி என்ற ஏச்சையும் கேட்க வேண்டியதாயிற்று. சிறு பள்ளியில் பிள்ளைகளை அன்பால் இணங்க வைப்பது வேறு. உத்தரவு போட்டு ஒரு நாட்டையே இணங்க வைப்பது வேறு. இந்தப் பாடத்தைக் கல்வி மந்திரிகளுக்கு நாடு திரும்பத் திரும்ப நடத்தி வருகிறது.

மந்திரியாக இருந்தபோது அவர் விதைத்த இன்னொன்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சொந்தம். தமிழில் படிக்க வேண்டுமானால் தமிழில் அறிவு இருக்க வேண்டுமே! அதற்காகத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தி, சுதந்திரம் வந்த 1947-ஆம் வருஷத்திலேயே தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயாரிக்கத் திட்டமிட்டார். ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் பெ. தூரன், கவிஞர், இசைப் பாடல்கள் இயற்றியவர். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? பெரியநாயக்கன்பாளையம் வித்தியாலயத்திலே உபாத்தியாயராக இருந்தவர்! முதல் தொகுதி 1954-ல் வெளியாயிற்று. பத்தாவது தொகுதி 1968-ல். அதன் பிறகு குழந்தைகளுக்கென்று தனியே இன்னொரு பத்துத் தொகுதிகள். தூரன் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இதிலேயே மூழ்கிக் கிடந்தார். நான் கதைக்காக ஒரு மரத்தின் பெயரையோ மீனின் பெயரையோ தேடி அந்தத் தொகுதிகளைப் புரட்டிய நாட்கள் உண்டு. எடுத்த காரியத்தை மறந்துவிட்டு, பக்கத்துப் பக்கத்திலிருந்த நட்சத்திரத்தையும் நத்தையையும் பற்றிப் படித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது அவற்றை இணையத்திலும் படிக்கலாம்.

மந்திரி பதவி போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1952-ல் சொந்த ஊரான திருப்பூர்த் தொகுதியிலிருந்து லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-ல் பெண்களுக்காகக் கோவையில் மனையியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். மனையியல் என்றால் சமையல் கற்றுக் கொடுப்பதுதானே என்று கேலி பேசியவர்களுக்குக் காலம் பதில் சொல்லிற்று. ஊட்டச்சத்து விஞ்ஞானி ராஜம்மாள் தேவதாஸ் போன்றோரின் தலைமையில் வளர்ந்து, 1988-ல் அது பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. மூன்று வருஷம் கழித்து, 1991-ல், அவினாசிலிங்கம் காலமானார்.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூடம் தலைவர்களை உருவாக்குமா? எதிர்க்கட்சிக்காரர் சும்மா விடமாட்டார். "காமராஜர் எந்தக் கல்லூரியில் படித்தார்? சிறு வயதிலேயே படிப்பை விட்டவர்தானே, 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்? அவ்வளவு ஏன், உங்கள் திருப்பூரிலேயே 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு உயிர்விட்ட குமரனுக்கு யார் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள்?" என்று மடக்குவார். ஆப்பிரிக்காவையும் சாட்சிக்கு அழைப்பார். நெல்சன் மண்டேலா, கறுப்பர்களுக்கென்று இருந்த போர்ட் ஹேர் கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் மாணவர் சபைத் தேர்தல் தகராறில் நிர்வாகத்துக்குப் பணிய மறுத்து, 1940-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். அவருடைய தலைமை, பள்ளி சொன்னதைக் கேட்டதால் வந்ததா, கேட்காததால் வந்ததா?

இதெல்லாம் நியாயமான வாதம். தலைவனை அச்சில் வார்த்து எடுக்க முடியாது என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் வித்தியாலயத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், அது கொடுத்த கொடை வேறு என்று தெரிகிறது. ஒரு காமராஜர் பள்ளிக்கூடம் திறந்தால், அதற்குள் போய்ப் பாடம் சொல்ல ஆயிரம் உபாத்தியாயர்கள் வேண்டும். ஒரு மந்திரி கலைக்களஞ்சியம் என்று உத்தரவு போட்டால், முப்பது வருஷம் பிரூப் திருத்த ஒரு தூரன் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தாமாகக் கிடைப்பதில்லை. பதவியும் பட்டமும் எதிர்பாராமல் ஒரு காரியத்தைப் பிடித்துக் கொண்டு கிடப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும்; அந்தப் பயிற்சிக்கு ஓர் இடம் வேண்டும்.

திருப்பூர் இன்று வேறு திருப்பூர். ராட்டை போய்விட்டது. பின்னலாடை கடல் கடந்து போகிறது. 1990-ல் ஏற்பட்ட ஏற்றுமதியாளர் சங்கத்தினர் 1997-ல் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். தொழிலுக்கு அது அவசியம். ஆனால் அதே ஊருக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பிழைக்க வந்திருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளின் வீட்டுப் பாஷை ஒன்று. பள்ளிக்கூடத்துப் பாஷை ஒன்று. "இந்திக்காரப் பையன்" பக்கத்தில் உட்கார இன்று யார் தயங்குகிறார்களோ, அவர்களுடைய பாட்டன்மார் 1930-ல் வேறொரு பையன் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்கள்தான்.

பனியன் கம்பெனி நடத்தும் அன்பர்களில் யாராவது ஒருவர் இதைப் படிக்கக் கூடும். தலைவர்களை உருவாக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கக் கூடும். முதல் வகுப்பில் யாரைச் சேர்ப்பது என்ற யோசனை அவருக்கு வேண்டியதில்லை; அந்தக் குழந்தை அவருடைய கம்பெனி வாசலிலேயே விளையாடிக் கொண்டிருக்கிறது. பெரிய கட்டடமும் உடனே வேண்டியதில்லை. ஆரம்பிப்பதற்கு ஒரு வாடகை வீடு போதும் என்பதை அவர் ஊர்க்காரர் ஒருவர் முன்பே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.