டாக்காவின் காலரா ஆஸ்பத்திரி: சிக்கனத்தில் விளைந்த சாதனைகள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குகிறோம். சில ரூபாய்தான் விலை. அந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் உலகமெங்கும் பரவியதில் பெரும் பங்கு, வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையம் என்பது அதன் பெயர். சுருக்கமாக ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்பார்கள். டாக்கா மக்களுக்கோ அது 'காலரா ஆஸ்பத்திரி'.

பெரிய கட்டடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் இருந்தால்தான் மருத்துவ ஆராய்ச்சி நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். கையில் இருப்பதை வீணாக்காமல் பயன்படுத்தியே உலகத்துக்கு வழிகாட்டலாம் என்று காட்டியது இந்த நிறுவனம்.

முக்கிய மைல்கற்கள்

1960: காலரா ஆராய்ச்சிக் கூடமாகத் தொடக்கம். 1963-இல் டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகள் சூழ்ந்த மத்லப் பகுதியில் கள ஆய்வு மையம் அமைந்தது. அங்குள்ள கிராமங்களின் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு விவரங்கள் 1966 முதல் வீடு வீடாகப் பதிவாகி வருகின்றன.

1968: டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் உள்ளூர் மருத்துவர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வு வெளியானது. காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது, ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது. காலராவால் பாதிக்கப்பட்ட குடலிலும், சர்க்கரை கூடச் சென்றால் உப்பு உறிஞ்சப்படுகிறது. உப்போடு தண்ணீரும் உடலுக்குள் போகிறது. இதுதான் அதன் அடிப்படை.

1971: வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், கொல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்து கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

1978: ஆய்வுக்கூடம் சர்வதேச நிறுவனமாக மாறியது. பின்னர் சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்த கரைசலும் இங்கு ஆராயப்பட்டது. நம் வீட்டுக் கஞ்சிக்கு அது நெருங்கிய உறவு.

1985: வாய்வழி காலரா தடுப்பு மருந்தின் பெரிய கள ஆய்வு மத்லபில் தொடங்கியது. 2017 அக்டோபரில் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்யா அகதிகள் ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த விஞ்ஞானி ஃபிர்தௌசி காத்ரி 2021-இல் மகசேசே விருது பெற்றார்.

வீணாக்காத பணியிடம்

இந்த ஆஸ்பத்திரிக்குள் சென்றால் முதலில் கண்ணில் படுவது காலரா கட்டில். நடுவில் துளையுள்ள சாதாரணக் கட்டில், அதன்மேல் கழுவித் துடைக்கக்கூடிய விரிப்பு, கீழே ஒரு வாளி. படுக்கையும் துணியும் பாழாவதில்லை. நோயாளி எவ்வளவு நீரை இழந்தார் என்பதையும் வாளியைப் பார்த்து அளந்துவிடலாம். அந்த அளவுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிகிச்சை. நோய் பெருகும் பருவத்தில் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் கட்டில்களைப் போடுகிறார்கள். 2022-இல் ஒரே நாளில் 1000 பேருக்கு மேல் வந்த நாட்களும் உண்டு.

இன்னொரு எடுத்துக்காட்டு ஷாம்பு பாட்டில். கடும் நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு வெண்டிலேட்டர் வாங்க ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளால் முடிவதில்லை. இங்கு பணியாற்றும் மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்டி, காலி ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குழந்தையின் சுவாசக் குழாயின் மறுமுனையை அதில் அமிழ்த்தினார். வெளிவிடும் மூச்சு குமிழ்களாகக் கிளம்பும்போது உண்டாகும் அழுத்தம், நுரையீரலின் சிற்றறைகளைச் சுருங்கிவிடாமல் காக்கிறது. 2015-இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 15 சதவீதம் பேர் இறந்தனர். இந்த முறையில் 4 சதவீதம்தான். ஆக்சிஜன் செலவும் குறைந்தது.

குப்பைக்குப் போக வேண்டிய ஒரு பாட்டில், ஒரு குழந்தையைத் தாயின் மடிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்கனத்துக்கு இதைவிடப் பெரிய விளக்கம் என்ன வேண்டும்?

நிலைத்து நிற்பதன் சோதனை

பொருளில் சிக்கனம் காத்தாலும், பணத்துக்கு வெளிநாட்டுக் கொடையாளர்களைச் சார்ந்திருந்தது இந்த நிறுவனத்தின் பலவீனம். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அந்த நிதியில் இயங்கிய திட்டங்களில் வேலை பார்த்த 1000-க்கும் மேற்பட்டோர் பணியை இழந்தனர். மின்சாரத்தையும் பிளாஸ்டிக்கையும் மிச்சப்படுத்துவதோடு ஒரு பணியிடத்தின் நிலைத்தன்மை முடிந்துவிடுவதில்லை. அங்கு உழைப்பவர்களின் வாழ்வும் நிலைக்க வேண்டும். மக்களுக்குப் பயன்படும் மருத்துவ நிறுவனங்களைத் தாங்கும் பொறுப்பு, தூரத்து அரசுகளை விட அந்தந்த மண்ணின் மக்களுக்கே அதிகம் என்ற பாடத்தை நாமும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

- ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டை எப்போதும் வீட்டில் வைத்திருப்போம். எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்திலேயே எழுதியிருக்கும். அதே அளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியாகப் பிரிப்பதும், கூடுதலாகச் சர்க்கரை போடுவதும் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

- பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம். சுவையூட்டிய பாட்டில் பானங்கள் இதற்கு ஈடாகாது.

- தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மருந்தை மருத்துவர் சொன்ன நாட்கள் வரை கொடுக்க வேண்டும்.

- மலத்தில் ரத்தம், கண்கள் குழிவிழுதல், சிறுநீர் வராமை, குடிக்க முடியாத அளவு சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்வோம்.