அட்டையில் இல்லாத பெயர்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் அடங்கிய பீட்டில்ஸ் குழுவின் பாட்டு, வானொலி உள்ள வீடுகளில் எப்போதாவது ஒலித்திருக்கும். அவர்களுடைய ‘சார்ஜண்ட் பெப்பர்’ என்னும் இசைத்தட்டு உருவான வரலாற்றை இன்று காண்போம்.

1963இல் முதல் இசைத்தட்டுக்காகப் பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பாடி முடித்தவர்கள் இவர்கள். 1966 ஆகஸ்டில் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் தங்கள் பாட்டே தங்கள் காதில் விழவில்லை என்பது ஒரு காரணம். அவ்வாண்டு நவம்பரில் லண்டன் அபே ரோட்டிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனவர்கள், 1967 ஏப்ரலில்தான் வேலையை முடித்தார்கள்.

ஏன் இத்தனை மாதம்? அன்று அவர்கள் பயன்படுத்திய ஒலிநாடாவில் நான்கு தடங்களே உண்டு. நான்கும் நிறைந்துவிட்டால், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களில் இறக்குவார்கள். மீதித் தடங்களில் புதிய ஓசைகளை ஏற்றுவார்கள். குழம்பில் கரைந்த உப்பைப் போல, கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முடிவையும் யோசித்தே எடுக்கவேண்டும். சர்க்கஸ் பாட்டு ஒன்றுக்குத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் செய்த வேலை வேடிக்கையானது. பழைய நீராவி ஆர்கன் இசை பதிந்த நாடாவைத் துண்டு துண்டாக நறுக்கி, மேலே வீசி, வந்த வரிசையிலேயே ஒட்டச் சொன்னார்!

ரவிசங்கரிடம் சிதார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்றும் இதில் உண்டு. 1967 மார்ச் 15இல் லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் வந்து தில்ருபா, தம்புரா, தபேலா வாசித்தார்கள். மற்ற மூன்று பீட்டில்களும் அதில் வாசிக்கவில்லை. தில்ருபாவின் குழைவுக்கு ஏற்ப, மேனாட்டு வயலின்களைப் பின்னர் வளைந்து வரச் செய்தார் மார்ட்டின். எனக்கு இந்த இசைத்தட்டில் மிகப் பிடித்த இடம் அதுவே.

தட்டு வெளிவந்ததும் பிரிட்டனில் 27 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1968இல் அமெரிக்காவின் கிராமி விருதும் பெற்றது. ஆனால் போதைப்பொருள் வாடை வீசுகிறதென்று பி.பி.சி. ஒரு பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. மலேசியாவில் விற்ற தட்டிலோ மூன்று பாட்டுகளை நீக்கி, வேறு மூன்றைச் சேர்த்தார்கள். தம்புரா ஒலித்த பாட்டு தப்பியது.

அட்டையில் புகழ்பெற்றோர் பலருடைய உருவங்கள் உள்ளன. பாட்டு வரிகள் முழுவதும் பின்னட்டையில் அச்சாகியுள்ளன. அந்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் இல்லை. வயலின்காரர்களுக்கும் அதே கதிதான். ஐம்பதாண்டு கழித்து, 2017இல்தான் இந்தியர் நால்வரின் பெயர்கள் வெளிவந்தன. தில்ருபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்புரா, புத்ததேவ் கன்சாரா. தபேலா, நட்வர் சோனி.