செம்மண் பாதையும் சின்ன மோட்டாரும் – ஒரு வரலாற்றுப் பார்வை



கரடுமுரடான பாதைகளில் நெடுந்தொலைவு செல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களை இன்று 'அட்வெஞ்சர் பைக்' என்று அழைக்கின்றனர். உயரமான இருக்கை, அகன்ற எரிபொருள் தொட்டி, இருபுறமும் அலுமினியப் பெட்டிகள் என அவற்றின் தோற்றமே மிடுக்கானது. விலையோ ஒரு காரின் விலையை எட்டிவிடுகிறது. இவ்வண்டிகளின் படங்களைக் காணும் நம் பிள்ளைகள், காட்டுப்பாதையில் செல்வதென்றால் இத்தகைய பெரிய வண்டிதான் வேண்டும் என்று நம்பிவிடுகின்றனர். பெற்றோரிடம் அடம்பிடிக்கும் பதின்ம வயதினரும் உண்டு.

உண்மையில், தார் காணாத பாதைகளில் உலக மக்களைச் சுமந்து சென்ற வண்டி எது? வரலாற்றைப் புரட்டினால் கிடைக்கும் விடை, நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

மண்சாலை நாடாக இருந்த ஜப்பான்

இன்று அதிவேக இரயிலுக்குப் பெயர்பெற்ற ஜப்பான், 1950களில் சாலை வசதியில் மிகவும் பின்தங்கியிருந்தது. 1956-ஆம் ஆண்டு அந்நாட்டின் சாலைகளை ஆராய வந்த அமெரிக்கப் பொருளியலறிஞர் வாட்கின்ஸ் தலைமையிலான குழு, தொழில்வளம் பெற்ற நாடுகளுள் நெடுஞ்சாலைகளை இந்த அளவுக்குப் புறக்கணித்த நாடு வேறில்லை என்று அறிக்கை அளித்தது. முதன்மைத் தேசியச் சாலைகளிலேயே பெரும்பகுதி மண்ணும் கல்லுமாகத்தான் கிடந்தது.

அதே 1956-இல் சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவாவும் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கு ஓடிய சிறு வண்டிகளைப் பார்வையிட்டனர். நல்ல சாலைக்கென்று செய்யப்பட்ட அவ்வண்டிகள் தம் நாட்டுக் குண்டு குழிகளுக்கு ஒத்துவரமாட்டா என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் நூடுல்ஸ் கடைப் பையன், மற்றொரு கையாலேயே ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்று ஃபுஜிசாவா கேட்டதாகச் சொல்வர்.

1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'சூப்பர் கப் சி100' பிறந்தது. 49 சிசி நான்கு வீச்சு இயந்திரம், 17 அங்குலச் சக்கரங்கள், கையால் இயக்கத் தேவையில்லாத தானியங்கிக் கிளட்ச், சேறு தெறிக்காமல் காக்கும் நெகிழிக் காப்பு ஆகியவை அதன் சிறப்புக் கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மண்சாலை இருக்கிறது. ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் குழியில் இறங்கிவிடும். பெரிய சக்கரம் அதனைத் தாண்டிச் செல்லும். கால்காப்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று; மழைக்காலத்துச் சேற்றுக்காக வைக்கப்பட்டது.

ஐடஹோ மலைகளில் நடந்த மாற்றம்

1959-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் தன் கிளையைத் தொடங்கியது. பெரிய வண்டிகளைத்தான் அமெரிக்கர் விரும்புவர் என்று எண்ணி அவற்றையே முன்னிறுத்தியது. ஆனால், நெடுந்தூரம் விரைந்து ஓட்டப்பட்டதால் அவ்வண்டிகளின் இயந்திரங்கள் பழுதடைந்தன. விற்பனையாளர்கள் தம் சொந்த வேலைக்காக ஓட்டிக்கொண்டிருந்த சிறிய 'கப்' வண்டியைக் கண்ட மக்கள், அதுபற்றியே விசாரிக்கத் தொடங்கினர்.

அக்காலத்தில் ஐடஹோ மாநிலத்தின் பொய்சி நகரில் ஹெர்ப் யூல் என்ற வணிகர் இருந்தார். அவர் இந்தச் சிறு வண்டியின் பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரத்தைப் பொருத்தினார். முரட்டுப் பற்கள் கொண்ட டயர்களை மாட்டினார். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் அவ்வண்டியில் ஏறி மலைப்பாதைகளில் சென்றனர். பெருநகரங்களில் விற்பதைவிட இந்தச் சிறிய மலைநகரில் வண்டி மிகுதியாக விற்பனையாவதைக் கண்டு வியந்த நிறுவனம், காரணத்தை ஆராய்ந்தது. பின்பு அதே மாற்றங்களைத் தானே செய்து 'டிரெயில்' என்ற பெயரில் 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வரிசையில் பின்னர் வந்த சிடி90, சிடி110 ஆகிய வண்டிகள் பல நாடுகளில் உழவர்களின் தோழனாயின. ஆஸ்திரேலியாவில் சிடி110 பல பத்தாண்டுகள் அஞ்சல்காரரின் வண்டியாக ஓடியது. 2020-இல் சிடி125 என்ற புதிய வடிவில் அது ஜப்பானில் மறுபிறவி எடுத்தது.

பல்லில் இருக்கிறது பலம்

பற்சக்கரத்தை மாற்றினால் மலையேற முடியுமா? இதனைக் கணிதப் பாடமாகவே மாணவர்க்கு விளக்கலாம். முன் பற்சக்கரத்தில் 15 பற்கள், பின் பற்சக்கரத்தில் 45 பற்கள் எனக் கொள்வோம். முன்சக்கரம் 3 முறை சுழன்றால் பின்சக்கரம் 1 முறை சுழலும். பின்னால் 60 பல் சக்கரத்தைப் பொருத்தினால், முன்சக்கரம் 4 முறை சுழல வேண்டும். வேகம் குறையும், ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். இயந்திரத்தைப் பெரிதாக்காமலே ஏற்றத்தை வெல்லும் வழி இதுதான். வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிறோம்.

பெரிய வண்டிகளின் கதை

பெரிய வண்டிகளுக்கும் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1976-இல் யமஹா நிறுவனம் எக்ஸ்டி500 என்ற ஒற்றை உருளை வண்டியை வெளியிட்டது. 1978 டிசம்பரில் பாரிஸில் தொடங்கி 1979 ஜனவரியில் செனகல் நாட்டின் டக்கார் நகரில் முடிந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில், அவ்வண்டியை ஓட்டிய சிரில் நெவூ வென்றார். 1980-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர்80 ஜி/எஸ் வண்டியைக் கொண்டுவந்தது. 'ஜி' என்பது ஜெர்மன் மொழியில் காட்டு நிலத்தையும், 'எஸ்' என்பது சாலையையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே வண்டி என்ற கருத்து அங்குதான் வேரூன்றியது. மறு ஆண்டே உய்பேர் ஓரியோல் அந்நிறுவன வண்டியில் டக்கார் பந்தயத்தை வென்றார்.

2004-இல் நடிகர் யுவன் மெக்கிரகரும் அவர் நண்பர் சார்லி போர்மனும் இலண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் பயணம் செய்து நியூயார்க்கை அடைந்தனர். அப்பயணத்தின் தொலைக்காட்சித் தொடர் பெரிய வண்டிகளின் புகழை உலகெங்கும் பரப்பியது. அத்தொடரிலேயே சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. மங்கோலியாவின் சதுப்பு நிலத்தில் அந்தக் கனத்த வண்டிகள் அடிக்கடி சரிந்தன. உடன் சென்ற ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதடையவே, அங்கேயே ஓர் எளிய ரஷ்யத் தயாரிப்பு வண்டியை வாங்கினர். எடை குறைந்த அவ்வண்டி, சேற்றில் மற்றவற்றைக் காட்டிலும் இலகுவாகச் சென்றது. சுமையோடு 250 கிலோவைத் தாண்டும் வண்டி விழுந்தால், தனியொருவரால் தூக்கி நிறுத்துவது எளிதன்று. பந்தயக்காரருக்குப் பின்னால் பழுதுபார்க்கும் குழு வருகிறது. நமக்குப் பின்னால் யார் வருகிறார்?

'கப்சாய்' நம் தோட்டத்துக்கு வந்த கதை

சீனாவின் ஃபுஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் லோ பூன் சியூ. 1950களின் இறுதியில் ஜப்பானில் இந்தச் சிறு வண்டியைக் கண்டு, மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். 'கப்' என்ற பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் கேண்டனீஸ் ஒட்டான 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். ஜப்பானியர் செய்து, சீனர் பெயரிட்டு, மலாய்க்காரரும் தமிழரும் ஓட்டிய வண்டி அது!

தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் அவ்வண்டியின் இடம் தனித்துவமானது. ரப்பர்க் காட்டின் சிவப்பு மண் பாதைகளில் முதலில் சைக்கிள் ஓடியது. பின்னர் கப்சாய் ஓடியது. விடியுமுன் பால் மரம் சீவச் செல்லும் தந்தை, பால் வாளிகளை அதிலேதான் கட்டிக்கொண்டு போனார். பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக மருத்துவச்சியை அழைத்து வந்ததும், பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு மகளைக் கொண்டு சேர்த்ததும் அதே வண்டிதான். ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்த பிறகும் அதன் பயன் குறையவில்லை.

பயிற்சியை முடித்து 2006-இல் நான் பணியேற்ற தோட்டப் பள்ளிக்குப் பல கிலோமீட்டர் செம்மண் பாதையில் செல்ல வேண்டும். பழக்குலை ஏற்றிய லோரிகள் உழுதுவிட்ட அப்பாதையில், மழை பெய்தால் கார்கள் திரும்பிப் போய்விடும். கப்சாய் வைத்திருந்த ஆசிரியர்கள் மட்டும் மணியடிக்குமுன் வந்துவிடுவார்கள்.

தேர்ந்தெடுப்பதும் ஓட்டுவதும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய பாடங்கள் சில:

1. விழுந்த வண்டியைத் தனியே தூக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

2. இருக்கையில் அமர்ந்தால் இரு கால்களும் தரையைத் தொட வேண்டும். சேற்றில் கால்களே நம் மூன்றாவது, நான்காவது சக்கரங்கள்.

3. அருகிலுள்ள பட்டறையில் உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

4. இயந்திரத்தைவிட டயரே முக்கியம். தேய்ந்த சாலை டயரோடு மண்பாதையில் இறங்காதீர்கள்.

5. சரளைக் கல்லில் முன் பிரேக்கைத் திடீரென அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். குறைந்த கியரில் இயந்திரத்தின் இழுப்பாலேயே வேகத்தைக் குறைத்து, பின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்துங்கள்.

6. சக்கரத்தின் அடியிலிருக்கும் குழியையே பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

பெற்றோர்களிடம் மற்றொரு செய்தியையும் வலியுறுத்த விரும்புகிறேன். நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டு முதல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிள் உரிமம் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால், "தோட்டத்துக்குள்தானே, போலீஸ் வராது" என்று சொல்லி, தொடக்கப்பள்ளி மாணவன் கையில் வண்டியைக் கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தலைக்கவசமின்றி மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் இறக்கிவிடும் தந்தையரையும் காண்கிறோம். போலீஸ்காரருக்கு வேண்டுமானால் தோட்ட எல்லை உண்டு. செம்மண்ணில் வழுக்கும் சக்கரத்துக்கு அந்த எல்லை தெரியாது. சின்ன வண்டி எளிதில் ஓட்டக்கூடியது என்பதாலேயே அது சின்னப் பிள்ளைகளின் வண்டி ஆகிவிடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. தன் வரலாறும் குடும்ப வரலாறும் அதில் இடம்பெற்றுள்ளன. 2017-இல் 10 கோடி வண்டிகளைத் தொட்ட 'சூப்பர் கப்' வரிசையின் கதை உலக வரலாற்றின் ஒரு பக்கம். தாத்தா எந்த ஆண்டில் தம் முதல் மோட்டாரை வாங்கினார், அதற்கு எத்தனை மாதச் சம்பளம் சேர்த்தார், அந்த வண்டியில் யாரை எங்கே ஏற்றிச் சென்றார் என்பவை மற்றொரு பக்கம். அப்பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. தோட்டங்கள் மேம்பாட்டுக்காக அழிக்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் போன பின்னர் எந்த நூலகத்திலும் இவ்விவரங்களைத் தேட இயலாது.

எனவே, அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் மாணவர்களுக்கு ஒரே ஒரு பணியைக் கொடுங்கள். தாத்தா அல்லது பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, வீட்டின் முதல் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கட்டும். விடைகளை ஆண்டு, இடம் குறிப்பிட்டு எழுதி வரட்டும். பழைய பதிவட்டையோ புகைப்படமோ இருந்தால் அதனையும் படியெடுத்து ஒட்டட்டும். ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் எழுதினாலே, ஒரு வட்டாரத்தின் வரலாறு நம் கைக்கு வந்துவிடும்.