டிவியில் நெற்பயிர் கிளிப்பச்சையாகத் தெரிகிறதா? குறைந்த செலவில் நிறத்தைச் சரிசெய்ய உதவும் கருவிகள்!

சம்பாப் பயிரின் பச்சை எப்படி இருக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றங்காலில் இளமஞ்சள் கலந்த பச்சை, நடவு முடிந்து வேர் பிடித்ததும் கரும்பச்சை, கதிர் முற்றும்போது பொன்னிறம் என நாள்தோறும் கண்ணெதிரே பார்க்கிற நிறங்கள் அவை. ஆனால், அதே வயல் வீட்டு டிவியில் வரும்போது மட்டும் பிளாஸ்டிக் இலையைப்போல பளபளக்கிறது. பெரிய கோயிலின் கல் ஆரஞ்சுப் பழமாக மாறுகிறது. நம்ம ஊர் மாநிறமோ நீலம் பூத்து வெளிறித் தெரிகிறது.

தப்பு கேமராவில் இருக்கலாம் என்று நினைப்போம். பெரும்பாலும் தப்பு டிவியின் செட்டிங்ஸில்தான். கடையில் வரிசையாக ஓடும் டிவிகளுக்கு நடுவே தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகவே 'விவிட்' என்றொரு மோட் இருக்கிறது. அதில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், வெள்ளையில் நீலம் தூக்கலாக இருக்கும், நிறங்கள் அடர்ந்திருக்கும். கடைக்கு அது சரி. வீட்டுக்கும் அதே மோடில் வந்துவிட்டால்தான் பிரச்னை.

இதைச் சரிசெய்வதற்குப் பெயர்தான் கேலிபரேஷன். 'அதுக்கெல்லாம் லட்சக்கணக்குல செலவாகும்'னு பயப்பட வேண்டாம். பைசா செலவில்லாமல் தொடங்கி, படிப்படியாக எதுவரை போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

மூன்று குமிழ் காலத்துப் பழக்கம்

இலங்கையின் ரூபவாஹினி 1982-ல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் உயரமான ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் காலத்து கலர் டிவியில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று மூன்று குமிழ்கள்தாம் முக்கியம். அமெரிக்க டிவிகளில் 'டின்ட்' என்று நான்காவதாக ஒன்று இருக்கும். இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய 'பால்' முறையில் நிறப் பிழை தன்னாலேயே பெருமளவு ஈடுகட்டப்பட்டதால், நமக்கு அது தேவைப்படவில்லை.

2006-ல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு வழங்கிய இலவச 14 அங்குல கலர் டிவி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அதிலும் இதே கதைதான். படம் மங்கலா? பிரைட்னஸைக் கூட்டு. நிறம் போதவில்லையா? கலரைக் கூட்டு. அந்தப் பழக்கம் இன்றைய 55 அங்குல ஸ்மார்ட் டிவி வரை நம்மோடு வந்திருக்கிறது. ஆனால், இந்தப் பெயர்கள் நாம் நினைக்கிற வேலையைச் செய்வதில்லை.

* பிரைட்னஸ்: பழைய அர்த்தத்தில் இது கறுப்பின் அளவு. கூட்டினால் கறுப்பு சாம்பலாகும். குறைத்தால் இருட்டுக் காட்சியில் இருப்பதெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும்.
* கான்ட்ராஸ்ட்: வெள்ளையின் அளவு. கூட்டினால் வெள்ளைத் துணியின் மடிப்புகள் அழிந்துபோகும்.
* பேக்லைட்: படத்தின் மொத்த வெளிச்சம் இதுதான். பகலில் கூட்டலாம், இரவில் குறைக்கலாம். நிறம் கெடாது.

சில புதிய மாடல்களில் பேக்லைட்டுக்கே 'பிரைட்னஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனியாக ஒன்றைத் தருகிறார்கள். எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். சினிமா ஓடும்போது மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைப் பாருங்கள். எதைக் கூட்டும்போது படத்தைவிட அந்தப் பட்டைதான் முதலில் சாம்பல் பூக்கிறதோ, அதுதான் கறுப்பின் குமிழ்.

முதல் படி: செலவு பூஜ்யம்

முதல் கருவி உங்கள் கையிலிருக்கும் ரிமோட்தான். பிக்சர் மோடில் 'விவிட்', 'டைனமிக்' இருந்தால் மாற்றிவிடுங்கள். 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்குப் போங்கள். இயக்குநர் பார்த்து ஒப்புக்கொண்ட படம் அப்படியே வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக, யூஹெச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2019-ல் அறிவித்தது இந்த ஃபிலிம்மேக்கர் மோட். கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' பக்கம் வையுங்கள். 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற வசதியை அணைத்தால், சினிமா சீரியல்போலத் தெரிவதும் நின்றுவிடும்.

அடுத்து, படத்தின் வடிவம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகர்கள் திடீரென்று குண்டாகத் தெரிந்தால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது உங்கள் செட்டாப் பாக்ஸ். பாக்ஸின் செட்டிங்ஸில் போய் 'ஒரிஜினல்' வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும். ஆனால், முகம் முகமாகத் தெரியும்.

'என்னப்பா, படமே மஞ்சளா, மங்கலா இருக்கே!' என்று வீட்டில் முதல் நாள் சத்தம் வரும். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மூன்று நாள் பொறுங்கள். பிறகு பழைய மோடுக்கு ஒரு நிமிடம் மாற்றிக் காட்டுங்கள். 'ஐயோ, கண்ணு கூசுது' என்று அவர்களே சொல்வார்கள்.

இரண்டாம் படி: ஒரு பென்டிரைவ்

கண்ணால் பார்த்துச் சரிசெய்ய, அளவு தெரிந்த படங்கள் வேண்டும். இவற்றை 'டெஸ்ட் பேட்டர்ன்' என்பார்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் தூர்தர்ஷனில் வந்த நிறப் பட்டைகள் நினைவிருக்கிறதா? அதே குடும்பம்தான். 'ஏவிஎஸ் ஹெச்டி 709' என்ற பேட்டர்ன் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகினால் போதும். யூடியூபிலும் பேட்டர்ன்கள் உண்டு. ஆனால், அங்கே வீடியோ சுருக்கப்படுவதால் நுணுக்கம் கொஞ்சம் குறையும்.

கறுப்புக்கான பேட்டர்னில் எண்ணிட்ட கோடுகள் மினுக்கிக்கொண்டிருக்கும். வீடியோவில் 16 என்பது முழுக் கறுப்பு, 235 என்பது முழு வெள்ளை. 16-ம் அதற்குக் கீழே உள்ளவையும் தெரியக் கூடாது, 17 அல்லது 18-லிருந்து மெல்லத் தெரியத் தொடங்க வேண்டும். அதுவரை பிரைட்னஸை நகர்த்துங்கள். வெள்ளைக்கான பேட்டர்னில் 234 வரையிலான கோடுகள் பிரிந்து தெரியும்வரை கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். ஷார்ப்னஸ் பேட்டர்னில் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் வெள்ளை நிழல் படிந்தால், அது மறையும்வரை ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்! பல டிவிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங்ஸ் தனித்தனி. பென்டிரைவில் சரிசெய்தது செட்டாப் பாக்ஸுக்குத் தானாகப் போகாது. 'அப்ளை டு ஆல்' என்ற வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதே எண்களை அங்கேயும் கையால் பதியுங்கள்.

திருவையாறு டெஸ்ட்!

பேட்டர்ன் வைத்துச் சரிசெய்ததை நிஜப் படத்தில் சோதிக்க வேண்டும். அதற்கு டெல்டாவில் அருமையான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும் காட்சி. வரிசையாக வெள்ளை வேட்டிகள், பட்டுப்புடவைகள், பலவித மனித நிறங்கள், கறுங்கூந்தல், ஜரிகை என எல்லாம் ஒரே ஃப்ரேமில் இருக்கும். பதிவு செய்த வீடியோவே போதும்.

* வேட்டியின் மடிப்பு தெரியவில்லையா? கான்ட்ராஸ்ட் அதிகம்.
* வேட்டி நீலம் போட்டு வெளுத்ததுபோல இருக்கிறதா? கலர் டெம்பரேச்சர் இன்னும் 'கூல்' பக்கம் இருக்கிறது.
* கூந்தல் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிகிறதா? பிரைட்னஸ் குறைவு.
* மாநிற முகங்கள் செங்கல்லாகச் சிவந்தால் கலர் அதிகம். பச்சை பூத்தால் டின்ட் நகர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். எடுத்தவரின் கேமராவிலேயே நிறம் மாறியிருக்கலாம். மூன்று, நான்கு வீடியோக்களிலும் அதே குறை தெரிந்தால் மட்டும் டிவியில் கை வையுங்கள்.

மூன்றாம் படி: சில நூறு ரூபாய்

இந்த விலையில் கண்ணுக்கு நிஜமாகவே உதவுவது, டிவிக்குப் பின்னால் வைக்கும் விளக்கு. சினிமா, டிவி உலகில் வெள்ளை என்பதற்கான பொது அளவு 'டி65'. அதன் நிற வெப்பம் ஏறக்குறைய 6500 கெல்வின். நம்ம ஊர் 'கூல் டே லைட்' எல்இடி ட்யூப் லைட் பெட்டியில் பெரும்பாலும் இதே 6500 என்ற எண்தான் இருக்கும்! அதே எண் போட்ட சின்ன எல்இடி பட்டையை டிவியின் முதுகில் ஒட்டி, வெளிச்சம் சுவரில் மங்கலாகப் படும்படி செய்யுங்கள். கண் சோர்வு குறையும், கறுப்பும் ஆழமாகத் தெரியும். நிறம் மாறி மாறி மின்னும் பட்டை இதற்கு உதவாது.

சுவரின் நிறமும் முக்கியம். டெல்டா வீடுகளில் பச்சை, நீலப் பச்சை பெயின்ட் அதிகம். அந்தச் சுவரில் விளக்கொளி பட்டால் கண்ணின் வெள்ளைக் கணக்கே மாறிவிடும். டிவிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுமாவது வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாற்றலாம். முற்றம் வைத்த வீடாக இருந்தால், வெளிச்சம் நேராகத் திரையில் விழாத சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

நீல ஃபில்டர் என்று ஒன்று உண்டு. அதன் வழியாக நிறப் பட்டைகளைப் பார்த்து கலரையும் டின்ட்டையும் சரிசெய்வார்கள். சில டெஸ்ட் டிஸ்க்குகளோடு அது வரும். கடையில் வாங்கும் நீல செல்லோபேன் தாள் வேண்டாம். மற்ற நிறங்களும் அதன் வழியே கசியும் என்பதால் தவறான அளவுதான் கிடைக்கும்.

நான்காம் படி: கலரிமீட்டர்

வெள்ளை எவ்வளவு வெள்ளை என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கண் பழகிக்கொள்ளும். செல்போன் கேமராவாலும் முடியாது. அது தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். அதற்கான கருவிதான் கலரிமீட்டர். திரையில் தொங்கவிட்டு, லேப்டாப்பில் இணைத்தால் நிறத்தை எண்களாகச் சொல்லும். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், கேலிபிரைட் நிறுவனத்தின் டிஸ்ப்ளே வரிசை ஆகியவை தொடக்க நிலையினருக்கு ஏற்றவை. புதிதாக வாங்கினால் ஐந்து இலக்கத் தொகை ஆகும்.

மென்பொருளுக்குச் செலவில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் 'ஹெச்சிஎஃப்ஆர்' இலவசமாகக் கிடைக்கிறது. அளந்து பார்த்து, டிவியின் 'ஒயிட் பேலன்ஸ்' மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். 'டெல்டா இ' என்ற பிழை எண் 3-க்குக் கீழே வந்துவிட்டால் போதும், அதற்குமேல் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம்.

ஆப்பிள் டிவி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இலவச வழி ஒன்று உண்டு. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோனைத் திரைக்கு முன்னால் பிடித்து நிறத்தைச் சமன் செய்யும் வசதி 2021-ல் வந்தது. ஆனால், அந்தப் பெட்டியிலிருந்து வரும் படத்துக்கு மட்டும்தான் அது பலிக்கும். கேபிளுக்குப் பலிக்காது.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. என் டிவியில் ஒயிட் பேலன்ஸ் மெனு இருக்கிறதா? குறைந்த விலை டிவிகள் பலவற்றில் இருக்காது. இல்லையென்றால் கலரிமீட்டர் குறையைக் காட்டும். ஆனால், திருத்த வழியிருக்காது.

2. என் திரை வகைக்குக் கருவி ஒத்துவருமா? எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி ஒவ்வொன்றும் ஒளியை வெவ்வேறு விதமாகத் தருகின்றன. கருவியில் அந்தந்த வகைக்கான திருத்தம் இருக்க வேண்டும்.

3. பழைய கருவி வாங்கலாமா? மிகப் பழைய மாடல்களின் ஃபில்டர்கள் காலப்போக்கில், ஈரப்பதத்தில் மங்கிவிடும். மழைக்காலத்தில் துணியே காயாத டெல்டாவில் இது நிஜமான ஆபத்து. எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

4. எத்தனை டிவிக்குப் பயன்படும்? வருடத்துக்கு ஒருமுறைதான் தேவை. உறவினர், நண்பர்கள் நான்கு வீடு சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். போட்டோ ஸ்டூடியோ, ஆல்பம் டிசைன் செய்பவர்கள் சிலர் மானிட்டருக்காக இதை வைத்திருப்பார்கள். தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

5. மூன்றாம் படி வரை முடித்துவிட்டேனா? இல்லையென்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலான முன்னேற்றம் ரிமோட்டிலும் பென்டிரைவிலுமே கிடைத்துவிடும்.

செய்யவே கூடாதவை

இன்னொருவர் டிவியின் ஒயிட் பேலன்ஸ் எண்களை அப்படியே காப்பியடிக்காதீர்கள். ஒரே மாடலாக இருந்தாலும் திரைக்குத் திரை வேறுபடும். ரகசிய பட்டன் வரிசையைப் போட்டு 'சர்வீஸ் மெனு'வுக்குள் போகாதீர்கள். அங்கே தவறாகத் தொட்டால் டிவி கிளம்பாமலே போகலாம். எதை மாற்றும் முன்னும் பழைய செட்டிங்ஸை போனில் படமெடுத்து வையுங்கள். டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, இரவில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வெளிச்சத்திலேயே அளவெடுங்கள்.

போனஸாக ஒரு லாபமும் உண்டு. எல்இடி டிவியில் மின்சாரத்தை அதிகம் தின்பது பேக்லைட்தான். அதை இரவில் பாதியாகக் குறைத்தாலே யூனிட் மிச்சமாகும். இலவச மின்சார எல்லையை ஒட்டி ஓடுகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

புது டிவி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி முதல் இரண்டு படிகளை மட்டும் முடித்துப் பாருங்கள். கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.