பழுதுக்கும் வயது உண்டு: கணினி இயக்கும் குவில்ட் இயந்திரம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. இந்தப் பழக்கத்தை மறுத்து, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக வைத்து வரலாறு எழுத வேண்டும் என்று 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். அந்த வாதத்தைச் சிறிய பொருள் ஒன்றில் வைத்துச் சோதிக்கலாம். அமெரிக்கக் குவில்ட் தொழிலில் புழங்கும் கணினிவழி ‘லாங் ஆர்ம்’ இயந்திரத்தையும், அதைப் புதிதாக இயக்குபவர் எதிர்கொள்ளும் பழுதுகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மேல்துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கியதே குவில்ட். வங்கத்தின் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இதற்கு நெருங்கிய உறவுடையவை. அமெரிக்கச் சிற்றூர்களில் மரச்சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் கூடி அமர்ந்து கையால் தைத்த வேலை இது. 1980களில் மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெயின்ஸ் நகரிலிருந்து கேமில் நிறுவனம் போன்றவை நீண்ட கழுத்துடைய இயந்திரங்களை விற்கத் தொடங்கின. துணி சட்டத்தின் உருளைகளில் அசையாமல் விரிந்திருக்கும்; தையல் இயந்திரமே சக்கரங்களின் மீது தண்டவாளத்தில் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரும். முதலில் இயக்குபவரே கைப்பிடியைப் பிடித்து, காகிதத்தில் வரைந்த கோலத்தின் மீது ஒளிப்புள்ளியை நகர்த்தித் தைத்தார். 1990களில் அதே மாநிலத்தில் பால் ஸ்டாட்லர் உருவாக்கிய ‘ஸ்டாட்லர் ஸ்டிட்சர்’ போன்ற அமைப்புகள் கைப்பிடியைக் கணினியிடம் ஒப்படைத்தன.

புதிதாகக் கற்பவரின் இடர் இங்கிருந்துதான் தொடங்குகிறது. திரையில் இறகுக் கோலம் பிசகின்றி ஓடிக்கொண்டிருக்கும். துணியின் அடிப்பக்கத்திலோ நூல் சுருண்டு கூடு கட்டியிருக்கும். வளைவுகளில் தையல் விட்டிருக்கும். சில அங்குலத்துக்கு ஒருமுறை நூல் அறும். அவர் உடனே திரையை நாடுகிறார். அமைப்புகளை மாற்றுகிறார், கோப்பை மீண்டும் ஏற்றுகிறார், இயந்திரத்தை அணைத்துப் போடுகிறார். எதுவும் பலிக்காதபோது தமக்குக் கணினி அறிவு போதாது என்று முடிவுகட்டிக்கொள்கிறார். பெரும்பாலும் அந்தப் பழுதுக்கும் கணினிக்கும் தொடர்பே இருப்பதில்லை. அகழாய்வுக் குழியில்போல அந்த இயந்திரத்தில் வெவ்வேறு காலத்து அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எந்தப் பழுது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதே கேள்வி.

முதல் அடுக்கு 1846. அவ்வாண்டு எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசியின் முனையில் காது இருந்தது. மேல்நூலோடு, ஓடம் ஒன்று கொண்டுவரும் கீழ்நூலும் இருந்தது. கைத்தையலில் நூல் ஒன்றே; அதன் இறுக்கத்தைத் தைக்கும் விரலே அறியும். ஹோவின் பூட்டுத் தையலில் இரு நூல்களும் துணியின் தடிமனுக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்க வேண்டும். இழுவிசைச் சமன்பாடு என்ற புதிய சிக்கல் தையலுக்குள் நுழைந்தது அப்போதுதான். கீழ்நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது பாபின் நூல் தளர்ந்திருக்கிறது. அடிப்பக்கம் நூல் கூடு கட்டினால் குற்றவாளி பாபின் என்றே கற்பவர் நினைப்பார். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தகடுகளுக்கு இடையே சரியாக அமராததே காரணம். மேலே பிடிப்பு இல்லாததால் நூல் கீழே குவிகிறது. பழுது தோன்றும் இடமும் பிறக்கும் இடமும் வேறு என்பது இந்த அடுக்கின் முதற்பாடம்.

இரண்டாம் அடுக்கு ஆலன் வில்சனுடையது. 1851இல் அவர் ஓடத்துக்கு மாற்றாகச் சுழலும் கொக்கியை அமைத்தார். ஊசி அடிமட்டத்தைத் தொட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலெழும்போது, அதன் காதருகே மேல்நூல் சிறு கண்ணியாக விரியும். கொக்கியின் முனை அந்தக் கணத்தில் அக்கண்ணிக்குள் நுழைய வேண்டும். தவறினால் தையல் விடும். 1854இல் வில்சன் மற்றோர் அமைப்புக்கும் காப்புரிமை பெற்றார். பற்களுடைய சிறு தகடு மேலெழுந்து, துணியைத் தள்ளி, கீழிறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும். ஊசி துணிக்குள் இருக்கும் நேரத்தில் துணி அசையாமல் நிற்கும். இன்றும் வீட்டுத் தையல் இயந்திரங்களில் துணியை நகர்த்துவது இந்த நாற்படி அசைவே.

நீள்கை இயந்திரம் கைவிட்டது இதைத்தான். அதில் பல் தகடு இல்லை. ஊசி மூன்றடுக்குத் துணிக்குள் இருக்கும்போதும் இயந்திரத் தலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே ஊசி வளைகிறது. வளைந்த ஊசியின் கண்ணியைக் கொக்கி தவறவிடுகிறது, சில வேளை ஊசியிலேயே இடிக்கிறது. வேகம் கூடக்கூடவும், துணி முரசின் தோல்போல இறுகியிருக்கும்போதும் இது மிகுகிறது. குறிப்பிட்ட ஒரு திசையில் செல்லும்போது மட்டும் தையல் விடுகிறது என்று கற்பவர் திகைப்பதன் காரணம் இதுவே. 1854இல் தீர்ந்த சிக்கல், அந்தத் தீர்வைத் துறந்த இயந்திரத்தில் திரும்பி வந்திருக்கிறது. தடித்த ஊசி, குறைந்த வேகம், அடியிலிருந்து விரலால் தள்ளினால் சற்றே எழும்பும் அளவுக்குத் துணியில் தளர்வு ஆகியவையே பரிகாரம். இவற்றுள் துணியின் தளர்வைத் திரை ஒருபோதும் காட்டாது.

மூன்றாம் அடுக்கே கணினி. அதன் முன்னோடி, 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட, துளையிட்ட நாடா வழிநடத்திய உலோகத் துருவல் (மில்லிங்) இயந்திரம். அங்கே உலோகம் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. ஆயத்தொலைவைச் சொன்னால் வெட்டுளி அங்கே சென்று வெட்டியது. துணி அத்தகைய பொருளன்று. நெகிழும், சுருங்கும், விலகும். கணினி அறிவது தலை எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே. அதுவும் சக்கரத்தோடு சுழலும் உணரி எண்ணிச் சொல்வதை நம்பித்தான். தண்டவாளத்தில் ஒரு நூல்துணுக்கு கிடந்து சக்கரம் வழுக்கினால் தையலின் நீளம் மாறும். பட்டை தளர்ந்தால் கூர்முனைகள் மழுங்கும், வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாது. சில இயந்திரங்களில் நூல் அறுந்ததைச் சொல்லும் உணரி உண்டு. ஏன் அறுந்தது என்பதை அது சொல்லாது.

ஆகவே தேடலின் வரிசை காலவரிசையாக இருப்பது நலம். முதலில் நூலை முற்றிலும் உருவி மீண்டும் கோர்க்க வேண்டும். பிறகு புதிய ஊசி, அதன் பள்ளம் கொக்கியை நோக்கி இருக்கிறதா என்ற சோதனை. அடுத்து பாபின், டென்ஷன். அதன்பின் துணியின் இறுக்கம். கணினியைத் துண்டித்துவிட்டு அதே கோட்டைக் கையால் தைத்துப் பார்ப்பது தெளிவான சோதனை: அப்போதும் நூல் அறுந்தால் கணினி நிரபராதி. கோலத்தின் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் வடிவம் பிசகினால் சக்கரம், பட்டை, கோப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். கொக்கியின் காலக்கணிப்பில் கைவைப்பது இவை அனைத்தும் முடிந்த பிறகே. புதியவர் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் நாள்கள் வீணாகின்றன. புதியதே பழுதாகும், பழையது தானே இயங்கும் என்ற நம்பிக்கை அவரை அவ்வாறு செய்யவைக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. 1924இல் சாந்திநிகேதன் மாணவரும், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான ஜி. ராமச்சந்திரனுடன் உரையாடியபோது, காந்தி சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனிதனின் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யாதிருக்க வேண்டும் என்பது அவர் அங்கே முன்வைத்த அளவுகோல். நீள்கை இயந்திரத்தை அந்த அளவுகோலால் அளந்தால் விடை நேரானதன்று. கோடு வரையும் வேலையைக் கையிடமிருந்து கணினி எடுத்துக்கொண்டது; இழுவிசையை உணரும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோடு வரைந்து தைத்த காலத்தில்தான் கை அந்த உணர்வைக் கற்றது. பயிற்சிக்கான வழி அடைபட்டுவிட்டது, பயிற்சியின் தேவை மட்டும் எஞ்சியிருக்கிறது. இன்று கற்பவரின் தடுமாற்றத்தை அவருடைய தனிப்பட்ட குறையாகக் காண்பது வரலாற்றை அறியாததன் விளைவு.

தொழில்நுட்ப வரலாற்றில் ஈடுபடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தையல் இயந்திரக் கையேடுகளின் இறுதிப் பக்கங்களில் ‘பழுது, காரணம், பரிகாரம்’ என்றொரு அட்டவணை இருக்கும். காப்புரிமை ஆவணங்களைப் படிக்கும் அதே கவனத்தோடு அதையும் படியுங்கள். ஓர் இயந்திரம் எதைச் செய்யும் என்பதைக் காப்புரிமை சொல்கிறது. அதை இயக்கும் மனிதர் எதை அறிந்திருக்க வேண்டியிருந்தது என்பது அந்த அட்டவணையில்தான் பதிவாகியிருக்கிறது.